ரோமில் வாடகை கார்

கேள்வி: மனைவியுடன் ரோம் போகிறேன். வாடகை கார் எடுத்து ஊரையும் சுற்றுப்புறத்தையும் நாங்களே ஓட்டிப் பார்க்கலாமா?

– வாசகர், திருச்சி

பதில்: சுற்றுப்புறத்தைப் பாருங்கள். ஊரை விட்டுவிடுங்கள்.

பழைய ரோமின் நடுப்பகுதியில் அனுமதி இல்லாத வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக்கூடாது. நுழைந்தால் யாரும் விசிலடிக்க மாட்டார்கள். கெஞ்சிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக்கொள்ளும். நீங்கள் ஊர் திரும்பி, போட்டோக்களைச் சொந்தக்காரர்களிடம் காட்டி முடித்த பிறகு, அபராதச் சீட்டு சாவகாசமாக வரும். உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாடகை கம்பெனி தனியாகக் காசு பிடிக்கும்! கொலோசியம் கி.பி. 80-இல் திறந்தது, நடந்து போய்ச் சேரும்வரை காத்திருக்கும்.

ரோமைப் பார்த்து முடித்த பிறகு காரை எடுங்கள். சுமார் 30 கி.மீ. கிழக்கே திவோலி. ஹேட்ரியன் பேரரசரின் மாளிகை இடிபாடுகள் அங்கேதான். வில்லா தெஸ்தே தோட்டத்தின் நீரூற்றுகள் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மோட்டாரே இல்லாமல் பீறிடும்படி அமைத்திருக்கிறார்கள். வேறொரு திசையில், எரிமலை வாய் ஏரியைப் பார்த்தபடி காஸ்டல் கண்டோல்ஃபோ, போப்பாண்டவர்களின் கோடை வாசஸ்தலம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிவிடுங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம். முதல் நாள் கியர் போடப் போகும் உங்கள் இடது கை கதவில் இடிக்கும். இன்னொன்று: காஸ்டல் கண்டோல்ஃபோவுக்குப் பக்கத்திலுள்ள ஃபிராஸ்காட்டி வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. திரும்பும்போது ஓட்டுவது யார் என்ற சண்டையைத் திருச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.