வெறும் வண்டியும் ஏற்றிய வண்டியும்: பேராவூரணி வட்டாரத்தில் ஓர் ஒப்பாய்வு

பழைய பிக்கப் வாங்குவதா, காம்பாக்ட் எஸ்யூவி வாங்குவதா என்ற வினா பேராவூரணி டீக்கடை பெஞ்சுகளில் நெடுங்காலமாக நிலுவையில் உள்ளது. இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே: எஸ்யூவியை வெறுமையாக நிறுத்தி அளக்கிறார்கள், பிக்கப்பை ஏற்றி நிறுத்தி அளக்கிறார்கள். மற்ற வேறுபாடெல்லாம் இதன் கிளைகள்.

முதற்சான்று வரிச் சட்டத்திலேயே கிடைக்கிறது. நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், இன்ஜின் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து உயரம் 170 மி.மீ.க்குக் குறையாமல்: 2025 செப்டம்பர் வரை இம்மூன்றும் பொருந்தினால்தான் மிகப் பெரிய வரி இருந்தது. அந்த உயரத்தையும் சுமை ஏற்றாத நிலையில்தான் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் கூடித் தெளிவுபடுத்தியது. நம் ஊரில் ஓடும் பிரெஸ்ஸா, நெக்ஸான் வகையறாவோ நான்கு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் அளவில் குறைவாகவே நின்றுகொள்கின்றன. ஆக, வரி ஏட்டின்படி அவை எஸ்யூவியே அல்ல. இதைப் பெண் வீட்டாரிடம் சொல்லத் துணிந்த கல்யாணத் தரகரை இவ்வாய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இவற்றில் நெக்ஸானுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஒரே 18 விழுக்காடு என்பதையும் தரகர் சொல்ல மாட்டார்.

பிக்கப் தரப்புக்கு வருவோம். 2005இல் வந்த டாடா ஏஸ் என்னும் குட்டி யானை முக்கால் டன் சுமக்கும். 2011இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன். இது கம்பெனிக் கணக்கு. பேராவூரணிக் கணக்கு வேறு: பின்னால் கூடுதல் பட்டை போட்டு, பலகைக்கு மேல் தடுப்புக் கட்டித் தேங்காய் ஏற்றினால், வண்டி மூக்கைத் தூக்கும்வரை டன் முடிவதில்லை. (ஆர்.டி.ஓ. அலுவலகம் இப்பத்தியைப் படிக்காது என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது.)

பழைய வண்டி பார்க்கப் போகும் முறையிலும் இக்கருதுகோள் உறுதிப்படுகிறது. எஸ்யூவி பார்க்கப் போனவர் எத்தனையாவது ஓனர், டிங்கரிங் பார்த்ததா, ஏசி குளிர்கிறதா என்று கேட்டுச் சுற்றி வருவார். பிக்கப் பார்க்கப் போனவர் பேசாமல் மண்ணில் படுத்துச் சேஸைப் பார்ப்பார். பெயின்ட்டைத் தடவுகிறவர் தேங்காய் வியாபாரி அல்லர். சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், வெள்ளை போர்டுக்காரரை 15 ஆண்டுவரை யாரும் அதைக் கேட்பதில்லை. வயதான பிக்கப் பென்ஷன்காரர் போல ஆண்டுக்கொருமுறை உயிரோடிருப்பதை நிரூபிக்கிறது.

மறுதரப்பின் வாதத்தில் ஒன்றுதான் வலுவானது. நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு எதில் போவீர்கள்? இதை மறுக்க முடியாது. காற்றுப்பை, பின்சீட்டு, மழைக்கு மூடும் கண்ணாடி எல்லாம் அங்கே பேசும்.

ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலைக் கஜா புயலுக்குப் பிறகு, தென்னை சாய்ந்து அடைத்த சாலைகளை வெட்டித் திறந்ததும் குடிநீர், தார்ப்பாய், அரிசி மூட்டையெல்லாம் ஊருக்குள் வந்து இறங்கியது லோடு வண்டிகளில்தான். அன்று எந்தக் கார் எவ்வளவு பளபளத்தது என்று யாருக்கும் நினைவில்லை.

இறுதிச் சான்று கல்யாணக் களத்தில் கிடைத்தது. பூ அலங்காரத்தோடு எஸ்யூவியில் பொண்ணு மாப்பிள்ளை. பின்னால் பிக்கப்பில் பீரோ, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், குத்துவிளக்கு. தெருப் பெண்கள் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிக்கப்பை மேலிருந்து கீழ்வரை கணக்கெடுத்தார்கள். ஆரத்தித் தட்டு வாசலுக்கு வருமுன் மாப்பிள்ளையின் பெரியப்பா டிரைவரிடம் சொன்னார்: "தம்பி, காரக் கொஞ்சம் பின்னாடி எடுப்பா. பீரோ இறங்கணும்."