முட்டைக்கு ஒரு விளக்கு

கேள்வி: குளிர்காலத்தில் கோழிக்கூண்டில் விளக்குப் போடுகிறார்களே, குளிர் தாங்கவா? (வாசகி, பல்லடம்)

பதில்: குளிருக்கு அல்ல, கடிகாரத்துக்கு! கோழி கண்ணால் மட்டுமா பகலை அளக்கிறது? மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தொடும் ஒளியாலும் அளக்கிறது. 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் சினைப்பை சுறுசுறுப்பாக வேலை செய்யும். டிசம்பரில் லண்டன் பகல் 8 மணி நேரம்தான். அங்கே விளக்கில்லாத கோழி விடுப்பில் போய்விடும். நாமக்கல்லில் பதினொன்றரை மணி நேரம் கிடைத்தும் பண்ணைகளில் விளக்கு எரிகிறது. மங்கலான மஞ்சள் பல்பே போதும். கூடுதல் வெளிச்சத்தை விடியலுக்கு முன் கொடுங்கள். மாலையில் பட்டென்று அணைத்தால், பாவம், அடையும் இடம் தெரியாமல் தவிக்கும். அதற்கும் தூக்கம் வேண்டும், 16 மணியைத் தாண்டாதீர்கள். பருவம் எட்டாத விடைக்கோழிக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். உடம்பு தேறுமுன் முட்டையிட்டு நலிந்துவிடும்.