மாடி அறை விங் கமாண்டர்

வீட்டு கேட்டுக்குள் காரை ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால், மனைவி தெருவில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போதும்" என்று கை காட்ட வேண்டும். பகல் முழுக்க ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குகளோடு சாதுவாக மல்லுக்கட்டும் மனிதர். ராத்திரி சாப்பாடு முடிந்து மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாரென்றால் ஆள் வேறு. எதிரே கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர், காதை அடைக்கும் ஹெட்போன், கையில் ஜாய்ஸ்டிக், காலடியில் ரடர் பெடல். 1940-ஆம் ஆண்டு கோடைக்காலம், இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்தைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது.

விளையாடுகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். விளையாட்டில் பொத்தானை அமுக்கியதும் விமானம் கிளம்பிவிடும். அப்படிச் சுலபமாகக் கிளம்பும் எதுவும் இவருக்குப் பிடிப்பதில்லை. அந்தக் காலத்து விமானிகளைப் படுத்தி எடுத்த விமானங்களாகத் தேடித் தேடி வாங்குவார்.

பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். அதன் மெர்லின் இன்ஜினில் ஆரம்பத்தில் ஒரு கோளாறு இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பிவிடும், இன்ஜின் விக்கும். எதிரியான ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மிட் விமானத்தில் பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் ஏற்பாடு இருந்ததால், அது பாட்டுக்குத் தலைகுப்புறப் பாய்ந்து தப்பித்துப் போய்விடும். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், துளையிட்ட சின்ன உலோகத் துண்டு ஒன்றை எரிபொருள் பாதையில் பொருத்தி 1941-இல் இதைச் சமாளித்தார். விமானிகள் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நம்மவர் வாங்கி வைத்திருப்பதோ, அந்த அம்மாள் கை வைப்பதற்கு முந்தைய ரகம். விக்க வேண்டிய இடத்தில் இன்ஜின் ஒழுங்காக விக்குகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் கட்டினார். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதற்கு இப்போது தள்ளுபடி விலையும் உண்டு.

இன்ஜினைக் கிளப்புவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். எரிபொருள் வால்வைத் திறக்க வேண்டும், பிரைமர் பம்பை அடிக்க வேண்டும், மேக்னெட்டோ சுவிட்சுகளைப் போட வேண்டும். ஒரு தடவை கூடுதலாகப் பம்ப் அடித்தால் புகை. குறைவாக அடித்தால் இருமல். கிளம்பிய பிறகுதான் நெருக்கடியே. தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. இறங்கியிருக்கும் சக்கரக் கால் வேறு குறுக்கே மறைக்கும். சில நிமிடங்களுக்குள் வானேறாவிட்டால் கூலன்ட் கொதித்துவிடும். சரி, வேகமாக ஓடுபாதைக்குப் போகலாமென்றால், நீண்ட மூக்கு எதிரே எதையும் பார்க்கவிடாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஊர வேண்டும். இப்படி அவர் வியர்க்க விறுவிறுக்க ஊர்ந்துகொண்டிருக்கும்போதுதான் கீழேயிருந்து குரல் வரும்.

"என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க. பக்கத்து வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன், அடுப்புல பால் இருக்கு."

"இப்ப முடியாதும்மா! ரெண்டு நிமிஷத்துல கொதிச்சிடும்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

நிறுத்திவைக்க ஒரு பொத்தான் கீபோர்டில் இருக்கத்தான் இருக்கிறது. தொட மாட்டார். போர்க்களத்தில் யார் நிறுத்திவைத்தார்கள்? பால் பொங்கி அடுப்பு அணைந்த வேளையில் அவர் விமானம் தரையைவிட்டு எழும்பியிருக்கும். அதுவும் குதித்துக் குதித்து. பழைய ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை மேலே தூக்க வலது கையால் பம்ப் அடிக்க வேண்டும்; அடிக்கிற அடியில் ஸ்டிக்கைப் பிடித்த இடது கையும் கூடவே ஆடும்; விமானமும் ஆடிக்கொண்டே ஏறும். புது விமானிகளைப் பார்த்துச் சிரிக்க இதுவே காரணமாக இருந்தது. இந்த ஆட்டமும் வேண்டுமென்றே நாற்காலிக்கு வலப்பக்கம் ஆசாரியிடம் சொல்லி ஒரு மர நெம்புகோல் செய்து வைத்திருக்கிறார். ஆசாரி இன்றுவரை அது என்ன சாமான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தான். "அங்கிள், எப்ப சுடுவீங்க?" என்றான். "இரு தம்பி, ஆயில் சூடாகட்டும்" என்றார். ஆயில் சூடாவதற்குள் தம்பி போய்விட்டான்.

சில மென்பொருள்களில் இன்னொரு சங்கதி: நேற்று நீங்கள் கெடுத்த இன்ஜின், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் இன்றைக்கும் கெட்டேதான் இருக்கும். தேய்மானத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே இல்லாத விமானத்தின் இல்லாத ஆயிலை நம்மவர் தவறாமல் மாற்றுகிறார். வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் ஆயிலைப் பற்றி மெக்கானிக்தான் வருத்தப்படுகிறார்.

ஜெட் விமானமும் உண்டு. 1963-இல் இந்திய விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்றது. விமானப்படை ஓய்வு கொடுத்தது, இவர் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் அந்த விமானத்தை முட்டியும் மோதியும் இறக்கிவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாற்காலி அசையவேயில்லை என்பது வேறு விஷயம்.

சோகமும் இல்லாமலில்லை. பழைய மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டரைத் திறந்தால் சிகாகோ ஏரிக்கரையிலுள்ள மெய்க்ஸ் ஃபீல்டில்தான் விமானம் நிற்கும். 2003 மார்ச்சில் நகர மேயர் இரவோடிரவாகப் புல்டோசர் விட்டு அந்த ஓடுபாதையைக் குத்திக் கிளறிவிட்டார். சிகாகோவை நேரில் பார்த்திராத நம்மவர் அந்த மேயரை இன்னும் மன்னிக்கவில்லை.

இவரோடு நிஜ விமானத்தில் பயணம் செய்வது தனி அனுபவம். "ஃப்ளாப் இறங்குது", "த்ராட்டிலைக் குறைக்கிறான்" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வருவார். விமானி மயங்கி விழுந்து, "பயணிகளில் யாருக்காவது ஓட்டத் தெரியுமா?" என்று அறிவிப்பு வரும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அப்படி ஒன்று நடந்தால் தயவுசெய்து அவரை அனுப்பிவிடாதீர்கள். ஏர்பஸ்ஸின் காக்பிட்டில் உட்கார்ந்து பிரைமர் பம்ப் எங்கே என்று தேடுவார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பார்த்தால், "எத்தனை விமானம் சுட்டீங்க?" என்று கேட்காதீர்கள், மனசு வாடிப்போகும். "ஆயில் பிரஷர் எப்படி சார் இருக்கு?" என்று கேளுங்கள். ஆனால் சனிக்கிழமையாகப் பார்த்துக் கேளுங்கள். பதில் முடிய ஞாயிறு ஆகும்.