விளாவித் தரும் குழாய்

கோலார் தங்கச் சுரங்க ஊரான எங்கள் மைசூர் மைன்ஸில் நல்லி, அதாவது தண்ணீர்க் குழாய், என்பது ஒரு காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சாமானே அல்ல. லைன் வீடுகள் முடிகிற இடத்தில், சிமெண்ட் மேடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் பித்தளை நல்லி ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். பேத்தமங்கலாவில் பாலாற்றைத் தேக்கி, அங்கிருந்து கம்பெனி இறைத்து அனுப்புகிற தண்ணீர் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி வந்து எங்கள் குடங்களில் விழும். குடங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர்கள் உடைந்த செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். அந்தச் செங்கல்லை யார் நகர்த்தினார்கள் என்பதில் தொடங்குகிற சண்டை, ஷிப்டுக்குச் சங்கு ஊதும்வரை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நடக்கும். உங்கள் ஊர்க் குழாயடியும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். எங்களுடையதில் கூடுதலாக ஒரு சிறப்பு உண்டு. அங்கே ஒரு நல்லி ஒழுகினால், அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதற்கு லைன் முழுக்க பிட்டர்கள் இருந்தார்கள்.

எதிர் வீட்டு மாமா பம்ப் பிட்டர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்து தோண்ட ஆரம்பித்த சுரங்கம் அவர் காலத்துக்குள் சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டிருந்தது. அவ்வளவு ஆழத்தில் பாறையிலிருந்து ஊறுகிற தண்ணீரைக் கட்டம் கட்டமாக மேலே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கீழே மனிதன் நிற்க முடியும். அந்தப் பம்புகளின் கிளாண்டுக்குள் கொழுப்பு தடவிய கயிற்றைச் சுற்றி இறுக்குவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெரு நல்லியைக் கழற்றிச் சீர்படுத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. பழைய வாஷரை நகத்தால் பெயர்த்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோல்துண்டை வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் துளையிட்டு, சற்று நேரம் தண்ணீரில் ஊறவிட்டு உள்ளே போடுவார். தோல் ஊறி உப்பினால் பித்தளையோடு நன்றாக ஒட்டும். சுடுதண்ணீரில் தோல் நிற்காது, அதற்கு ஃபைபர் வாஷர்தான் என்பார். சுடுதண்ணீர் வருகிற நல்லி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பழைய துரை பங்களாக்கள் இருக்கும் திசையைக் கையால் காட்டுவார்.

அவருக்குப் பக்கத்தில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கும் உத்தியோகம் எனக்கு. வருங்கால சீஃப் இன்ஜினியர் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. "கெய்ண்டு கொஞ்சமாச்சும் சொட்டணும்டா. சொட்டாத கெய்ண்டு சூடேறிக் கருகிப்பூடும்" என்று அவர் ஒருநாள் சொன்னதை (கெய்ண்டு என்றால் கிளாண்டு; சுழலுகிற தண்டைக் குளிர்விக்க அந்தச் சொட்டு வேண்டும், பம்ப் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்) நான் உலகத்துக்கே பொதுவான விதியாக எடுத்துக்கொண்டேன். பின்னால் எங்கள் வீட்டுக்குள் முதல் நல்லி வந்து, அது இரவெல்லாம் சொட்டியபோது, சொட்டினால்தான் அது நலமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ உன் மூக்கும் நலமாத்தான்டா இருக்குது" என்றாள்.

வெந்நீர் என்பது தனிச் சடங்கு. கடல் மட்டத்துக்குமேல் தொள்ளாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் இருக்கிற ஊர்; மார்கழியில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் மூச்சு ஒரு கணம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வரும். வெளியே மூன்று கல்லின்மேல் கரி படிந்த அண்டா. விறகுப் புகை கண்ணைக் கரிக்க, அம்மா அதிலிருந்து ஒரு செம்பு மொண்டு வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீரை விளாவி, முழங்கை வரை கையைவிட்டுக் கலக்கி, பதம் பார்த்து, இன்னும் கால் செம்பு ஊற்றி, "ம், ஊத்திக்கோ" என்பாள். எனக்கு ஒரு பதம், தங்கைக்கு ஒரு பதம், நைட் ஷிப்ட் முடித்து வருகிற அப்பாவுக்குக் கை வைக்க முடியாத இன்னொரு பதம். சூட்டை அளக்க எங்கள் வீட்டில் வேறு கருவி கிடையாது. அந்த ஒன்றும் ஒருநாளும் பழுதானதில்லை.

பிறகு 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரில் பாதிப்பேரைப் போல நானும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறவனானேன். அங்கே அலுவலகப் பேன்ட்ரியில்தான் முதன்முதலாக அந்த ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரைப் பார்த்தேன். இடப்பக்கம் தள்ளினால் வெந்நீர், வலப்பக்கம் தள்ளினால் பச்சைத் தண்ணீர், நடுவில் வைத்தால் அம்மாவின் பதம். தேநீர் குடிக்கவே போகாத நான் அதை இழுத்துப் பார்ப்பதற்காகப் போய் நின்றதுண்டு. இரண்டு கைப்பிடிக் குழாயில் கை சுட்டுக்கொண்ட ஆல் மோயன் என்ற அமெரிக்க மாணவர் 1937இல் இந்த யோசனையைத் தொடங்கினார் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது நம் சமையலறையில் இருந்தாக வேண்டும். கைக்குக் கொஞ்சம் காசு சேர்ந்தபோது பளபளவென்று ஒன்றை வாங்கி, தோளில் பையோடு, நெரிசல் ரயிலில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தேன். கீஸர் அடுத்த போனஸில் என்று முடிவாயிற்று. அடுத்த போனஸில் கூரை ஒழுகியது. அதற்கடுத்ததில் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஆக, எங்கள் மிக்ஸரின் சிவப்புப் பக்கத்துக்கு அடைப்பான் போட்டு மூடியதோடு சரி; கலப்பதற்கு ஒன்றுமில்லாமலே அது இத்தனை காலம் மிக்ஸராக இருந்துவந்திருக்கிறது.

அதுதான் போன மாதம் ஒழுக ஆரம்பித்தது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு முறை உண்டு. முதலில் எல்லா இடத்தையும் துணியால் ஒற்றி உலரவைத்து, சிங்குக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட வேண்டும். காகிதம் நனைந்தால் கீழே உள்ள கனெக்ஷன் ஹோஸோ ஆங்கிள் காக்கோ. ஸ்பவுட்டின் அடிக்கழுத்தில் ஈரம் கட்டினால் ஓ-ரிங். கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் உள்நட்டு தளர்ந்திருக்கும். எல்லாம் காய்ந்திருக்க, மூடிய பிறகும் மூக்கில் மட்டும் சொட்டினால் வயிற்றுக்குள் இருக்கிற கார்ட்ரிட்ஜ். எங்களுடையது மூக்கில் சொட்டியது. கைப்பிடியின் சிவப்பு-நீலப் பொட்டைக் கத்தி நுனியால் நெம்பினால் உள்ளே ஒரு குட்டி ஸ்க்ரூ; ஆலன் கீயால் அதைத் தளர்த்தி, கைப்பிடியைத் தூக்கி, நட்டைக் கழற்றினால், கார்ட்ரிட்ஜ் கையோடு வந்துவிடும். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் இரண்டு பீங்கான் தகடுகள். ரப்பரும் தோலும் தேய்வதைப் போல அவை தேய்வதில்லை. ஆனால் இடையில் மணல் துகள் சிக்கினாலும் உப்பு படிந்தாலும் கீறல் விழும். கீறியதைத் தோல் வெட்டிச் சரிசெய்ய முடியாது.

உப்புக்குக் குறைவில்லாத தண்ணீர்தான் இப்போது எங்களுக்கு வாய்த்திருக்கிறது. பேத்தமங்கலாத் தண்ணீர் குடித்து வளர்ந்த லைனுக்கு இன்று டேங்கர் லாரியும் போர் தண்ணீரும். கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் காற்று மட்டும் வருகிற இடங்கள் உண்டு. ஆனால் எங்கள் காலடியிலேயே, சுரங்கத்தை மூடிப் பம்புகளை நிறுத்திய பிறகு, அந்த மூன்று கிலோமீட்டர் இருட்டுக்குள் தண்ணீர் ஏறி நிற்கிறது. தங்கத்துக்காக நூற்றிருபது வருஷம் வேண்டாம் வேண்டாமென்று இறைத்துக் கொட்டிய தண்ணீர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்துக்கொண்ட ஊர், குடத்தைத் தூக்கிக்கொண்டு டேங்கருக்கு ஓடுவதைப் பார்த்தால் ஜான் டெய்லர் என்ன நினைப்பாரோ!

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த பிளம்பர் பையன் கார்ட்ரிட்ஜைப் பார்த்ததும், "போயிடுச்சு அங்கிள், புதுசுதான்" என்றான். முப்பத்தைந்து மில்லிமீட்டரா நாற்பதா என்று அளந்து, பழையதைக் கையோடு எடுத்துப்போய் அதே மாதிரி வாங்கி வந்து, காபி ஆறுவதற்குள் மாட்டிவிட்டான். கழற்றியதை எதிர் வீட்டு மாமா, பார்வை மங்கிய வயதிலும், கேட்டு வாங்கினார். விரலால் தடவினார். கல்லைப் போட்டு ஒரே உடை உடைத்து, உள்ளே இருந்த தகடுகளை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணிக்கிறான். ஆனா நமக்கு வேல வைக்கலியே" என்றார்.

வீட்டு மூலையில் பழைய தெரு நல்லி ஒன்று கிடந்தது. லைனில் குழாயடி எடுபட்டபோது அப்பா கொண்டுவந்து போட்டது. கொஞ்ச நாளில் இந்த மிக்ஸரையே மாற்றிவிடுவதென்று வீட்டில் தீர்மானமானதால், இரண்டுக்கும் என்ன கிடைக்கும் என்று வாசலில் வந்த பழைய இரும்புக்காரரிடம் கேட்டேன். நல்லியைத் தராசில் வைத்து, முள் இறங்கியதைப் பார்த்து, "பித்தளை, நல்ல வெல வரும் சார்" என்றார். பிறகு உள்ளே வந்து சிங்கின்மேல் பளபளக்கிற மிக்ஸரை நகத்தால் சுண்டினார், கைப்பிடியைச் சுரண்டினார், என்னைப் பார்த்தார். "இத நீங்களே வெச்சுக்குங்க சார். வெளியதான் மினுக்குது."

தங்கம் விளைந்த ஊரில் உரைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். நல்லியை நான் விற்கவில்லை; நல்ல விலை வருமென்று இரும்புக்காரர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மாமா அதற்குத் தோல் தேடிக்கொண்டிருக்கிறார்.