சீனிக் கருப்பட்டி

வா மருமவனே, திண்ணையில உக்காரு. முதல்ல பதனி குடி. நேத்துப் பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு. சத்தம் அருமை, மைக் இல்லாட்டியும் தேரி தாண்டிக் கேட்டிருக்கும். உங்க அத்தை ரெண்டு தடவை கண்ணைத் துடைச்சா. ஒரு தடவை தூசி, ஒரு தடவை நீ.

வேதபாடசாலையில மூணு வருஷம் இருந்துட்டு வந்திருக்க. நான் அஞ்சாங் கிளாஸு, பொறவு அம்பது வருஷம் பனை. ஆனா உன் நோட்டை நீ தூங்கையில எடுத்துப் படிச்சுட்டேன். கோவிச்சுக்கிடாத. மாமன் உன் செல்போனையா எடுத்தேன்?

முதல் பக்கத்துல 'ஹெர்மெனியூட்டிக்ஸ்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்த. யாரோ ஜெர்மன் பாதிரியார் பேருன்னு நினைச்சேன். தரங்கம்பாடியில 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்ச சீகன்பால்கு ஜெர்மன்காரர்தானே, அவருக்குச் சொந்தக்காரரா இருக்கும்னு. கீழ பார்த்தா, விளக்கிச் சொல்லுதது எப்படிங்கிற படிப்பாம். எம்மாவூருக்குப் போற வழியில ரெண்டு சீஷங்களுக்கு இயேசு வேதத்தை விளக்கினாருன்னு லூக்கா சொல்லுத இடத்துல, கிரேக்கத்துல இதே வேர்ச்சொல்தான் நிக்குதாம். சரி, அவரு நடந்துக்கிட்டே விளக்கினாரு. நாம உக்காந்தே விளக்குவோம்.

அடுத்த பக்கத்துல எக்ஸிஜீசிஸ், ஐஸிஜீசிஸ்னு ரெண்டு. வாயில நுழையலைன்னாலும் மண்டையில சட்டுனு நுழைஞ்சிருச்சு. வசனத்துக்குள்ள இருக்கதை வெளிய எடுக்கது ஒண்ணு. நம்ம ஆசையை வசனத்துக்குள்ள திணிக்கது இன்னொண்ணு. இதைத்தாம்டே நாங்க சீனிக் கருப்பட்டிங்கோம். பாளை சீவி, கலயத்துல சுண்ணாம்பு தடவி, விடியுமுன்ன ஏறி இறக்கி, காய்ச்சிச் சிரட்டையில ஊத்தினா அது கருப்பட்டி. பதனி பத்தலைன்னு வெள்ளைச் சீனியைக் கொட்டிக் காய்ச்சுதவனும் அதே சிரட்டையிலதான் ஊத்துதான். தராசுல ரெண்டும் ஒரே எடைதான் நிக்கும். நாக்குல வச்சாத்தான் குட்டு வெளிய வரும்.

நேத்து நீ வித்தது எந்தக் கருப்பட்டின்னு நான் சொல்ல வரல.

எரேமியா 29:11 எடுத்த. உங்களைப் பத்தி நல்லதைத்தான் நினைக்கேன், கேட்டை இல்லைன்னு ஆண்டவர் சொல்லுத வசனம். டிசம்பர் 31 ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொல்லித் தட்டை நீட்டுவாவளே, அந்தத் தட்டுல இந்த வசனம் இல்லாம நான் பார்த்ததில்லை. நீ அதைப் பிடிச்சுக்கிட்டு இந்த வருஷமே வீடு, வேலை, துபாய் விசா எல்லாத்தையும் அள்ளிக் கொடுத்துட்ட. ஆமென்ல ஓடு பறந்துச்சு.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வசனம் வாசிச்சா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு பார்ப்பேன். பத்தாம் வசனத்துல எழுபது வருஷம்னு போட்டிருக்கே, பார்த்தியா? அது ஒரு கடுதாசிடே. நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதினது. அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளையளுக்குக் கல்யாணம் முடிங்க, அந்த ஊரு நல்லாருக்கணும்னு ஜெபம் பண்ணுங்கன்னு எழுதுதாரு. இப்போதைக்கு ஊர் திரும்ப மாட்டீங்கங்கிறதைப் பக்குவமா சொல்லுதாரு. வாசிச்ச பாதிப் பேரு பாபிலோன் மண்ணுலதான் அடங்கியிருப்பான். நல்லது நடக்கும், ஆனா உன் பேரனுக்கு. இதை அட்டையில அடிச்சா யாரு எடுப்பா?

முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு ஆளு வாரான். ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிருவாவன்னு ஆலயத்துல வச்சு அடிச்சுச் சொல்லுதான். எரேமியா கழுத்துல கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சும் காட்டுதான். அன்னைக்கு அவனுக்குக் காணிக்கை நல்லா விழுந்திருக்கும். இது வேதத்துல இல்லை, மாமன் கலந்த சீனி. அந்த வருஷமே ஏழாம் மாசம் செத்துப் போனான். அது வேதத்துல இருக்கு. நீ என்ன செஞ்சன்னா, எரேமியா வசனத்தை வாசிச்சுட்டு அனனியா பிரசங்கத்தைப் பண்ணிட்ட.

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. வசனத்துக்கு நம்பர் போட்டதுல வந்த வினை. அதிகாரம் பிரிச்சது ஸ்டீபன் லாங்டன்னு ஒரு இங்கிலீஷ்காரர், 13-ஆம் நூற்றாண்டுல. புதிய ஏற்பாட்டுக்கு இப்ப இருக்க வசன நம்பரைப் போட்டு அச்சடிச்சவர் ராபர்ட் எஸ்தியேன், 1551-ல. குதிரைச் சவாரியில போட்டாருன்னு ஒரு கதை. சில இடம் குதிரை துள்ளினாப்புலதான் வெட்டியிருக்கு. பவுல் நம்பர் போட்டு எழுதல, மருமவனே. நம்பரைப் பார்த்ததும் நமக்கு ஒவ்வொண்ணும் தனித்தனிக் கடலை மிட்டாயாத் தெரியுது.

யாரு சொல்லுதாங்கிறதையும் பார்க்கணும். ஆரம்பம் அற்பமா இருந்தாலும் முடிவு ஓகோன்னு இருக்கும்னு ஒரு வசனம், யோபு 8:7. பஜார்ல வெல்டிங் கடை போர்டுல இருக்கு, ஆட்டோ முதுகுல இருக்கு. சொன்னது ஆண்டவர்னு நினைச்சுக்கிட்டிருக்கான் ஆட்டோக்காரன். சொன்னது பில்தாத். யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்து, நீ பாவம் செய்யாம இது வந்திருக்குமான்னு கேட்ட மூணு கூட்டாளிகள்ல ஒருத்தன். கடைசி அதிகாரத்துல, நீங்க என்னைப் பத்திச் சரியாப் பேசலைன்னு ஆண்டவரே அந்த மூணு பேரு மேலயும் கோவப்படுதாரு. வேதத்துல இருக்குன்னா போதும்னு பார்த்தா, இயேசுவை ஆலய உப்பரிகையில நிறுத்திப் பிசாசு கூட 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்து நீட்டினான். மனப்பாடத்துல உன்னைவிட அவனுக்குப் பரிசு கொடுக்கலாம்.

சொல்லுக்கும் வயசாகும். ஓய்வுநாள் பள்ளியில ஒரு பொடியன், "பத்துக் கற்பனைன்னா மோசே கற்பனை பண்ணினதா சார்?"னு கேட்டான். வாத்தியார் அடிக்கப் போனாரு. எதுக்கு? பிள்ளை கேட்டது சரிதான. நம்ம பழைய மொழிபெயர்ப்புல கற்பனைன்னா கட்டளை. தலையில இருக்க மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்குன்னு நீ வாசிக்கையில பின் வரிசைப் பயலுவ சிரிக்கானுவளே, ஏன்? அந்தக் காலத்துல அது வெறும் முடி, இப்ப வசவு. கண்ணு முன்னாடி நம்ம தமிழே இத்தனை குட்டிக்கரணம் போடுதுன்னா, எபிரெயுவும் கிரேக்கமும் சும்மா இருந்திருக்குமா? தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷன் இல்லைங்கிற மாதிரி லூக்கா 14-ல வருது. நம்ம ஊர்ல ஒருத்தன் இதைக் காட்டி ஆத்தாளுக்குக் கஞ்சி ஊத்தலை. மத்தேயு 10-ஐத் திருப்பினா, என்னைவிட அதிகமா அவங்களை நேசிச்சா ஆகாதுன்னு இருக்கு. வேதத்துக்கு வேதமே உரைன்னு உன் நோட்டுல எழுதியிருக்கியே, அது இதுதான். அந்தப் பயகிட்ட யாரு போய்ச் சொல்ல?

பணக்காரன் பரலோகம் போறதைவிட ஒட்டகம் ஊசிக்காதுல நுழையுதது லேசுன்னு இயேசு சொன்னதுக்கு, போன மாசம் ஊசிவாசல் கதை சொன்ன. எருசலேம்ல சின்ன வாசல் ஒண்ணு இருந்துச்சாம், அதுக்குப் பேரு ஊசியின் காதாம், மூட்டையை இறக்கிட்டு முட்டி போட்டா ஒட்டகம் நுழைஞ்சிருமாம். கேக்க நல்லாருக்கு. இயேசு காலத்துல அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஒரு சாட்சியமும் கிடையாதுன்னு உன் நோட்டுலயே, உன் கையெழுத்துலயே இருக்கு! ஒட்டகம்னா ஒட்டகம், ஊசின்னா ஊசி. ஆகாத காரியம்னு சொல்லத்தான் அதைச் சொன்னாரு, அதான் சீஷங்களே அப்படின்னா யாருதான் பிழைப்பான்னு ஆடிப் போறாவ. நீ ஏன் அந்த வாசலைக் கட்டினன்னு எனக்குத் தெரியும். கோயிலுக்கு எட்டு ஃபேன் வாங்கிக் கொடுத்தவரு முதல் பெஞ்சுல இருந்தாரு. காத்து வாங்கினதுக்கு ஒரு வாசலாவது கட்டிக் கொடுக்காட்டி எப்படி?

இன்னொரு டம்ளர் குடி. மூஞ்சியைத் தூக்கிக்கிடாத. உன் வயசுல நானும் பதனியில தண்ணி ஊத்தினவன்தான்.

ஒரே ஒரு விஷயம். அந்த எரேமியா அட்டையை உங்க அத்தை ஃப்ரேம் போட்டு அடுப்படி வாசல்ல மாட்டியிருக்கா. பத்தாம் வசனத்தை நான் அவகிட்ட வாசிச்சுக் காட்டல. நீயும் உளறி வைக்காத. எனக்கு இப்பவே எழுபத்திரெண்டு ஆகுது, ராத்திரிக் கஞ்சி அவதான் ஊத்தணும்.