தம்பி, ரீட்மீயைப் படிச்சிராதே!

வாடா தம்பி, பசியாறிட்டியா? கூலிம் ஹைடெக் பார்க்குல வேலைக்குப் போறவன், லினக்ஸ்ல சாப்ட்வேரை மூலநிரல்லேர்ந்து நானே கட்டப்போறேன்னு பீடோங் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே. நல்ல காரியம். ரப்பர் மரத்துல பால்வெட்டுன கிழவனுக்கு அதுல என்ன தெரியும்னு நினைக்காதே. பேரன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததுல நாலு புத்தி சேர்த்து வச்சிருக்கேன். காசு வேணாம், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடு போதும்.

முதல்ல, பொட்டலத்தைப் பிரிச்சதும் ரீட்மீ, இன்ஸ்டால்னு ரெண்டு கோப்பு மேலாப்புல கிடக்கும். தொட்டுராதே. கட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்னு எல்லாத்தையும் அதுல எழுதி வச்சிருப்பாங்க. அதைப் படிச்சிட்டா, விடியவிடிய முழிச்சுத் தேடுற சுகம் போயிரும்.

அடுத்து கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டு. கம்பைலர் இருக்கா, இருக்கு. ஸீலிப் நூலகத்தோட ஹெட்டர் இருக்கா, இல்லைன்னு வரிவரியாச் சொல்லிக்கிட்டே போகும். நீ போனை நோண்டிக்கிட்டு இரு. நின்னுபோச்சுன்னா காரணம் கான்ஃபிக்-லாக் கோப்புல இருக்கும், அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. "ஸீலிப்தான் என் மெஷின்ல இருக்கே!"ன்னு சண்டைக்குப் போ. ஓட்டுறதுக்கு உள்ள பொட்டலம் வேற, கட்டுறதுக்கு உள்ளது வேறன்னும், உபுண்டுல அது பேரு கடைசியில 'டெவ்'னு ஒட்டிக்கிட்டுத் தனியா இருக்கும்னும் யாராவது சொன்னா காதைப் பொத்திக்க.

அப்புறம் மேக். 1976-ல பெல் ஆய்வுக்கூடத்துல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதுனது. எந்தக் கோப்பு மாறுச்சோ அதைச் சார்ந்ததை மட்டும் திரும்பக் கட்டும், அவ்வளவு புத்தி. ஆனா மேக்ஃபைல்ல கட்டளை வரி டேப்ல தொடங்கணும். எட்டு ஸ்பேஸ் தட்டுனா, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மேக் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கும். இதை மாத்தியிருக்கலாமேன்னா, அதுக்குள்ள ஒரு டஜன் பேரு அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சிட்டாங்களாம், பாவம் அவங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னு மனுசன் விட்டுட்டாரு. அந்த டஜன் பேருக்காக இன்னிக்கு வரைக்கும் உலகமே சங்கடப்படுது.

பிழை இருநூறு வரி வந்தா, கடைசி வரியைப் பிடிச்சுத் தொங்கு. மங்குல பட்டைத்தூள் விழுந்த பாலை அப்படியே ஆசிட் ஊத்தி உறையவச்சு, மெஷின்ல தட்டையாக்கி, புகைபோட்டு எடுத்தா சீட்டுல கறுப்புக் கறுப்பா நிக்கும். அப்ப ஸ்டோர்காரனையே திட்டிக்கிட்டு இருப்போம்ல? அதே மாதிரிதான். முதல் பிழை எங்க வந்துச்சுன்னு மேலே ஏறிப் பார்த்துராதே. பார்த்துச் சரிபண்ணிட்டா மீதி வரியெல்லாம் காணாமப் போயிரும்.

கடைசியா, எதுக்கெடுத்தாலும் சூடோ போடு. கான்ஃபிகருக்கு பிரிஃபிக்ஸ் கொடுத்து உன் ஹோம் அடைவுக்குள்ள ஒரு மூலையில நிறுவலாம், பிடிக்கலைன்னா அந்த அடைவை அழிச்சிட்டுப் போயிறலாம். அதுல என்னடா வீரம் இருக்கு?

என்ன தம்பி, மூஞ்சி சுருங்குது? சரி, கிண்டல் போதும்.

2024 மார்ச் மாசம் எக்ஸ்இஸட்னு கோப்பைச் சுருக்குற ஒரு மென்பொருள் மாட்டுச்சே, கேள்விப்பட்டியா? 5.6.0, 5.6.1 ரெண்டு பதிப்புலயும் விஷம். ரொம்ப நாளா நல்லவனா வேலை செஞ்சு பொறுப்புக்கு வந்த ஆளே, கட்டுற ஸ்கிரிப்டுக்குள்ள ஒளிச்சு வச்சது. கான்ஃபிகரும் மேக்கும் ஓடுறப்பவே அது உள்ள நுழைஞ்சிரும். கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்னு ஒருத்தர். எஸ்எஸ்எச்-ல நுழையறதுக்கு அரை வினாடி கூடுதலா ஆகுதேன்னு நின்னு பார்த்தாரு. நீ அரை மணி நேரம் ஓடுற பிழையையே பார்க்க மாட்டேங்குற.

அதனால பெரிய பிரவுசரை எல்லாம் இன்னிக்கே கட்டப் போகாதே. ஜிஎன்யூ ஹலோன்னு ஒண்ணு இருக்கு. அது செய்யறதெல்லாம் வணக்கம் சொல்றது மட்டும்தான். ஆனா கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூணும் அதுல முழுசா இருக்கு. கத்துக்கிறதுக்குன்னே எழுதி வச்சது. அதை உன் ஹோம் அடைவுக்குள்ள, சூடோ இல்லாம, திரையில வர்ற ஒவ்வொரு வரியையும் படிச்சுக்கிட்டே கட்டு. வணக்கம் வந்த பிறகு தோட்டம் முழுக்கச் சொல்லு. அதுவரைக்கும் வாயைக் கட்டு.