கார்டு மாப்ள

சிவகாசியில் ‘கார்டு’ என்றால் ஆளுக்கொரு அர்த்தம். பிரஸ்காரருக்குக் கல்யாண கார்டு. காலண்டர் ஏஜென்டுக்கு விசிட்டிங் கார்டு. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அக்காவுக்கு ஸ்மார்ட் கார்டு. மத்தியானம் மரத்தடியில் ஒதுங்கும் பெருசுகளுக்கு ரம்மி. இவர்களுக்கு நடுவே, அந்தச் சொல் காதில் விழுந்ததும் முகத்தில் கம்பி மத்தாப்பு எரிகிற இன்னொரு இனம் தெருவுக்கு ஒருவர் வீதம் வளர்ந்து வருகிறது. பழைய கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு மாட்டி, அதில் புது விளையாட்டு ஆடிவிடத் துடிக்கிற இனம்.

எங்கள் தெருவில் இருப்பவனுக்குப் பெயர் கார்டு மாப்ள. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. இந்தப் பெயர் வந்தது அவன் அம்மாவால். ஒருநாள் சாப்பிடும்போது, “அம்மா, ஒரு கார்டு பார்த்து வச்சிருக்கேன்” என்றான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏய்யா, பொண்ணு யாருன்னு சொல்லாமலே கார்டு வரைக்கும் போயிட்டியாய்யா?”

“பொண்ணு இல்லம்மா. நாலு ஜிபி.”

“நாலு ஜிபியா? அது என்ன படிப்பு?”

பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அவன் கார்டு மாப்ள.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அவன் வீட்டு சிபியுவுக்குப் பக்கக் கதவு கிடையாது. எப்போதோ கழற்றியதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாயிற்று. வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் மனிதர்களைப் பார்த்து நிற்காது, சிபியுவைப் பார்த்து நிற்கும். எதிரே வருபவரிடம் “சாப்டீங்களா?” என்று கேட்க மாட்டான். “எத்தனை எப்.பி.எஸ் வருது?” என்பான்.

எப்.பி.எஸ் என்றால் என்ன என்று எனக்கு அவன்தான் சொல்லித் தந்தான். “அண்ணே, தினசரி காலண்டர்ல தாளைச் சர்ருனு விட்டா படம் ஓடுற மாதிரி தெரியும்ல? விநாடிக்கு எத்தனை தாள் ஓடுதுங்கிறதுதான் கணக்கு. முப்பது வந்தா பாஸ், அறுபது வந்தா டிஸ்டிங்ஷன்.” மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். அறுபது வந்தால் ஒரு வருசத்துக் காலண்டர் ஆறே விநாடியில் தீர்ந்துவிடும். காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவனுடைய கம்ப்யூட்டர் எங்கள் பிரஸ்ஸில் இருந்ததுதான். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது ஊர் வழக்கம். ஒரு வருசம் ஆல்பம் முடிந்த கையோடு முதலாளி டிசைன் மெஷின்களை மாற்றினார். கோரல்டிராவில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பார்டர் போட்டுப் போட்டுக் களைத்த ஒரு ஐ5 2400 மாப்ளயிடம் போனது. 2011-ல் வந்த சிப், நாலு கோர். கூடவே ஒரு பழைய சதுர மானிட்டரும், நீல மூக்கு வைத்த அதன் விஜிஏ வயரும். அந்த வயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசை வந்தது 2021-ல். கார்டுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. ஒரு பக்கம் கொரோனாவும் சிப் தட்டுப்பாடும். இன்னொரு பக்கம் ஈதர் நாணயம் தோண்டுகிறவர்கள் உலகத்துக் கார்டையெல்லாம் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். பழைய கார்டு, புதுசாக விற்ற விலையைத் தாண்டிப் போனது. அப்போதுதான் முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் இணையத்தில் பாதி விலைக்கு ஒரு 1050 டி.ஐ வாங்கினான். பெட்டி பளபளவென்று இருந்தது. மாட்டினான். கம்ப்யூட்டரும் ‘1050 டி.ஐ’ என்றுதான் காட்டியது. விளையாட்டு மட்டும் நகரவில்லை. ஜிபியு-இசட் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு; அதில் போட்டுப் பார்த்தால் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. உள்ளே இருந்தது பல வருசம் மூத்த சிப். அதன் பயாஸில் பெயரை மட்டும் மாற்றி எழுதி, புதுப் பெட்டியில் போட்டுத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

“லேபிளைப் பார்த்து நம்பிட்டேண்ணே” என்றான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்தியாவில் பாதிப் பொருளுக்கு லேபிள் அடிக்கிற ஊர்க்காரன் லேபிளைப் பார்த்து ஏமாறலாமா? பெட்டிக்கும் பண்டத்துக்கும் உறவில்லை என்பது நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து மாப்ள ஆராய்ச்சியில் இறங்கினான். ஆறு மாதத்தில் தெருவுக்கே வகுப்பெடுக்கும் அளவுக்குத் தேறினான். டீக்கடைப் பெஞ்சில் அவன் எடுத்த பாடங்களில் ஒன்று எனக்கு மறக்காது.

“ஜிபியைப் பார்த்து கார்டு வாங்காதீங்கண்ணே. ஜிடி 730-ன்னு ஒண்ணு. நாலு ஜிபின்னு பெட்டியில பெருசா போட்டிருப்பான். ஜிடிஎக்ஸ் 750 டி.ஐ ரெண்டே ஜிபிதான். ஆனா 730-ல இருக்கிறது பழைய டிடிஆர்3 மெமரி. விநாடிக்கு 14 ஜிபி போக்குவரத்துக்கே நாக்கு தள்ளிரும். 750 டி.ஐ 86 ஜிபி தள்ளும். கிஃப்ட் பாக்ஸ் பெருசா இருந்தா உள்ள வெடி நிறைய இருக்கும்னு அர்த்தமா?”

பெஞ்சில் இருந்த பட்டாசுக் கடைக்காரர் இருமினார். மாப்ள பில் போடுவது அவர் டிப்போவில்தான்.

2022 செப்டம்பர் 15-ல் ஈதர் நாணயத்தின் எத்தீரியம் தன் முறையை மாற்றியது. கார்டை வைத்து ஈதர் தோண்டுவது ஒரே நாளில் நின்றது. தோண்டித் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து கொட்டின. விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம் பேசினார்கள்: “வீட்டுப் பையன் ஞாயித்துக்கிழமை மட்டும் விளையாடினது சார்.” பழைய கார் விற்பவர் ‘டாக்டர் ஓட்டுன வண்டி’ என்பாரே, அதன் தம்பி இது. அடுத்த மாதம் தீபாவளி. போனஸ் கைக்கு வந்தது. மாப்ள சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினான்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து இந்த ஊரை ஊராக்கினார்கள். மாப்ள எழும்பூரில் இறங்கிக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வந்ததும் அந்த வரிசையில் சேர வேண்டிய பயணம்தான் என்பது அவன் கட்சி. இந்த முறை மாட்டிக் காட்டச் சொல்லி, ஜிபியு-இசட்டில் பார்த்து, அசல் 1050 டி.ஐ வாங்கிவந்தான். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, ஊர் வரும் வரை கண் அசரவில்லையாம். கைக்குழந்தையோடு வந்த எதிர் சீட்டு அம்மாகூட நடுவில் தூங்கிவிட்டாராம்.

அவன் அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்தறைக்குள் போகும் முன் தாமிரத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும், பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், செருப்பு ஆகாது என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை விரட்டியவர். மகன் பாலியஸ்டர் சட்டையோடு கார்டைக் கவரிலிருந்து உருவினான்.

“டேய், அதுல கரண்ட் பட்டா கெட்டுப்போகுமா?”

“ஆமாப்பா. ஸ்டாட்டிக் பட்டா சிப் போயிரும்.”

“அப்ப சட்டையைக் கழட்டு. இரும்பைத் தொட்டுட்டு வா.”

தமிழ்நாட்டிலேயே முறைப்படி கிராபிக்ஸ் கார்டு மாட்டப்பட்ட ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும். வெற்றுடம்பும் வெறுங்காலுமாக நின்று, ஜன்னல் கம்பியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாட்டினான்.

ஜி.டி.ஏ. ஐந்தை ஓட விட்டான். பதினேழு எப்.பி.எஸ்.

அதன் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த சாமியார் கதை. எலி கோவணத்தைக் கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்டாரே, அவர் கதை. ராம் பற்றவில்லை என்று இன்னொரு நாலு ஜிபி போட்டான். பதினேழு. ஹார்டு டிஸ்க் நத்தை என்று எஸ்எஸ்டி வாங்கினான். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்து உட்கார்ந்தது. விளையாட்டு அதே பதினேழு. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் திணறுகிறதோ என்று சந்தேகம் வந்தது. 1050 டி.ஐ தின்பது 75 வாட். அது மதர்போர்டு ஸ்லாட் வழியாகவே கிடைத்துவிடும், தனி வயர்கூட வேண்டாம் என்று பெஞ்சில் பாடம் எடுத்தவனே இவன்தான். இருந்தாலும் வாங்கினான். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று எங்கள் பாட்டி சொல்லும். கணக்குப் பார்த்தால் இவனுக்குச் சுமைகூலி முக்கால் பணத்தையும் தாண்டி ஒன்றே கால் பணத்தில் நின்றது.

அடுத்த குற்றவாளி வெயில். மழை குறைந்த இந்த வறட்டு வானம்தான் தீக்குச்சியையும் மருந்தையும் காயவைத்து ஊருக்குச் சோறு போட்டது. தன் கார்டை வறுக்கவும் அதுவே வந்துவிட்டது என்று புலம்பினான். கரிசல் தூசி வேறு. சிபியுவை டிவிஎஸ் பிப்டியில் முன்னால் வைத்து பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடித்தான். லாரி டயருக்கு வரிசையில் நின்ற டிரைவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தூசி போனது, கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூவும் போனது. பதினேழு மட்டும் போகவில்லை.

தீபாவளி முடிந்தால் ஆலைகளுக்கு ஓய்வு. அப்பா வீட்டில் இருந்தார். மகன் மேஜைக்கடியில் மல்லாந்து கிடப்பதை நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் நான் போயிருந்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து சிபியுவின் முதுகை நோட்டம் விட்டார்.

“நீ வாங்குன கார்டு எது?”

“இந்தா, கீழ படுத்தாப்ல இருக்குல்லப்பா, அது.”

“மானிட்டர்லருந்து வர்ற இந்த நீல வயரு?”

“அது மேல, மதர்போர்டுல சொருகியிருக்குப்பா. புதுக் கார்டுல விஜிஏ ஓட்டை கிடையாது. அதான் பயாஸ்ல ஒரு செட்டிங் மாத்தி, பழைய ஓட்டையிலயே படம் வர வச்சிருக்கேன்.” சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.

அப்பா நிமிர்ந்தார். “ஏன்டா, வெடி ஒரு பக்கம் இருக்கு, திரி இன்னொரு பக்கம் இருக்கு. எப்படிடா வெடிக்கும்?”

நான் பார்த்த வரையில் மாப்ளயின் வாயிலிருந்து ஜிபி, வாட், எப்.பி.எஸ் எதுவும் வராத நிமிடம் அது ஒன்றுதான். இத்தனை நாளும் விளையாட்டு ஓடியது சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில். மடியில் வைத்துக் கொண்டுவந்த கார்டு, விருந்துக்கு அழைத்துவந்து திண்ணையில் உட்காரவைத்த சம்பந்தி மாதிரி, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. அன்று மாலையே ஹெச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வந்தது. அவன் வாங்கியதிலேயே மலிவான சாமான். மாட்டினான். எண் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி ஏறியது. அப்பா எண்ணைப் பார்க்கவில்லை. கழற்றி வைத்த பக்கக் கதவைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து மூடச் சொன்னார்.

மாப்ள இப்போது எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று கேட்பீர்கள். பிரச்சினை தீர்ந்த மறுவாரத்திலிருந்து அவன் அதிகம் விளையாடுவதில்லை. மற்றவர்கள் வீட்டு சிபியுவின் முதுகைப் பார்க்கப் போய்விடுகிறான். இதற்கிடையில் இந்தக் கார்டுகளின் கம்பெனியான என்விடியாவும் 2025 அக்டோபரோடு 750 டி.ஐ, 1050 டி.ஐ வகைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுக்கான டிரைவர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும், “அம்மா, ஒரு கார்டு பார்த்து வச்சிருக்கேன்” என்றானாம். அம்மா கண் கலங்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, “எத்தனை ஜிபி?” என்றாராம்.

பழைய மெஷினுக்குக் கார்டு வாங்கக் கிளம்புகிற தம்பிகளுக்கு இந்தத் தெருக்காரனின் வேண்டுகோள் இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் வயிற்றில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, கேபினட்டில் கார்டு உட்கார இடம் இருக்கிறதா, மானிட்டரின் முதுகில் என்ன ஓட்டை இருக்கிறது; இந்த மூன்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு ரயில் ஏறுங்கள். மாட்டிய பிறகு வேகம் வரவில்லையா? வேறு எதையும் வாங்காதீர்கள். முதலில் திரி எதில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள்.